பேரன்மேல் போட்ட பொய்வழக்கு

பள்ளி ஆண்டுவிழா, காதுகுத்து மண்டபம், கோயில் திருவிழாப் பட்டிமன்றம், காலை ஆறு மணி வாட்ஸ்அப் குழு என்று இடம் எதுவானாலும், சேலம் நாமக்கல் வட்டாரத்தில் ஒரு பேச்சு மட்டும் மாறுவதில்லை. "அந்தக் காலத்துல பெரியவங்க ஒரு வார்த்தை சொன்னா மறுபேச்சு கிடையாதுங்க. இப்பத்திப் பசங்களுக்குப் பெத்தவங்களும் தெரியல, பெரியவங்களும் தெரியல. போன்தான் உலகம். நாளைக்கு நம்மளை ஹோம்ல கொண்டுபோய்த் தள்ளத்தான் போறாங்க." பேசுகிறவரின் குரல் கம்மும். கூட்டம் கைதட்டும். முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகள் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே தலைகுனிந்துகொள்வார்கள்.

இந்தப் பேச்சின் சாரம் இவ்வளவுதான்: முதியவர்கள் படும் பாட்டுக்குக் காரணம் இளைஞர்களின் கெட்டுப்போன மனசு, அதற்கு மருந்து நீதிபோதனை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஆள்மாறாட்டத்தில் நடக்கும் வழக்கு. அதற்குக் காட்டப்படும் சாட்சியங்களும் ஒவ்வொன்றாக உதிரக்கூடியவை.

வயதுக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். இன்று 75 வயதான ஒரு மூதாட்டிக்கு, இந்தப் பக்கத்து வழக்கப்படி, பதினெட்டு இருபதில் கல்யாணம் முடிந்திருக்கும். மூத்த பிள்ளைக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. கடைக்குட்டிக்கே நாற்பத்தைந்து இருக்கும். ஆத்தாள் எந்த மகன் வீட்டில் எத்தனை மாதம் இருப்பது, ஆஸ்பத்திரிச் செலவு யார் பங்கு, காட்டை எப்போது எழுதி வாங்குவது என்றெல்லாம் முடிவெடுப்பவர்கள் இவர்கள்தான். இருபத்திரண்டு வயதுப் பேரனிடம் இந்த முடிவுகள் வந்து சேர்வதே இல்லை. அவன் பேரில் நிலமும் இல்லை, பீரோச் சாவியும் அவன் கையில் இல்லை. முதியோரைப் புறக்கணித்தது யார் என்று உண்மையாகவே விசாரித்தால் கூண்டில் ஏற வேண்டியவர்கள் ஐம்பது வயதுக்காரர்கள். மேடையில் மைக் பிடித்திருப்பவருக்கும் பெரும்பாலும் அதே வயது என்பதுதான் வேடிக்கை.

சேலத்தையே உலுக்கிய ஒரு சம்பவம் இதற்குப் பொருந்தும். 2020 அக்டோபரில் கந்தம்பட்டியில் 74 வயது முதியவர் ஒருவரை, உயிர் இருக்கும்போதே ஃப்ரீசர் பாக்ஸில் வைத்து, சாவுக்காக இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். மறுநாள் பெட்டியை எடுக்க வந்த கடைப் பணியாளர்தான் உள்ளே மூச்சு இருப்பதைக் கண்டு பதறினார். மீட்கப்பட்டவர் அரசு மருத்துவமனையில் சில நாள்களில் இறந்துபோனார். செய்தி நாடு முழுக்கப் பரவியது. காலம் கெட்டுப்போச்சு என்ற புலம்பலும் கூடவே பரவியது. ஆனால் பெட்டியை வரவழைத்தவர் மகனோ பேரனோ அல்ல; இறந்தவரின் உடன்பிறந்தவர், அவரும் முதியவரே. முற்றிய நோயாளியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால், வயதானவர்களே வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் அங்கே எழுந்திருக்க வேண்டிய கேள்வி. வலியைத் தணிக்க, கடைசி நாள்களை எப்படிக் கடப்பது என்று சொல்லிக்கொடுக்க, வீட்டுக்கு வர ஒரு செவிலியர் இருந்தாரா என்று அதிகம் பேர் கேட்கவில்லை. பழி போட ஒரு தலைமுறை கிடைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை.

அடுத்த சாட்சி, "அந்தக் காலம்." கூட்டுக்குடும்பத்தில் பெரியவர்கள் ராஜாவாக இருந்தார்கள் என்ற நினைப்பு. அப்படியானால் ஒரு தேதிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்: 1962 ஏப்ரல் 1. அன்றுதான் காமராஜர் ஆட்சியில், அன்றைய சென்னை மாநிலத்தில், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. செல்போன் இல்லை, தொலைக்காட்சிகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கூட்டுக்குடும்பத்தின் பொற்காலம் என்று சொல்லப்படும் நாள்களிலேயே, தெருவில் நின்ற முதியவர்களுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 1961 கணக்கெடுப்பின்போது இந்தியாவில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. அந்தக் கொஞ்சம் பேரையும் எல்லாக் குடும்பங்களும் தாங்கிவிடவில்லை.

இன்றைய நிலைமை வேறு. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் முதியோர் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 ஆகும். எண்ணிக்கை மட்டுமல்ல, முதுமையின் நீளமும் கூடிவிட்டது. முன்பு பாயில் விழுந்தவர் சில வாரம் கிடந்து போய்ச் சேர்ந்தார். இப்போது பக்கவாதம் வந்தவர் பத்து ஆண்டு வாழ்கிறார். மறதிநோய் வந்தவர் வீட்டாரின் பெயரையே மறந்த பிறகும் பல ஆண்டு வாழ்கிறார். அவர் வாழ்வது நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பத்தாண்டுப் பணிவிடையை நம் முன்னோர்கள் செய்து காட்டியதாகச் சொல்லி இன்றைய பிள்ளைகளைக் குத்திக்காட்டுவதில் நியாயம் இல்லை. அப்படியொரு தேவையே அவர்களில் பெரும்பாலோருக்கு வந்ததில்லை.

சேலம் மாவட்டத்துக்கு வேறொரு பழைய கணக்கும் இருக்கிறது. பொற்காலப் பேச்சில் அது மட்டும் வராது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது இங்கேதான். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 851 பெண்களே இருந்தார்கள். வரதட்சணைப் பயத்தோடு சேர்ந்து அதற்குப் பின்னால் நின்ற நம்பிக்கை என்ன? கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுகிறவன் மகன். கொள்ளி வைக்கிறவன் மகன். மகள் அடுத்தவீட்டுக்குப் போகிறவள். அந்த முடிவுகளை எடுத்த தலைமுறைதான் இன்று அறுபதிலும் எழுபதிலும் இருக்கிறது. ஒற்றை மகனை நம்பி முதுமையை அடகு வைத்ததும் அவர்கள்தான். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் தாய்க்குத் துணையாகப் படுத்திருப்பது யார் என்று எந்த அரசு மருத்துவமனையிலும் போய்ப் பார்க்கலாம். அடுத்தவீட்டுக்குப் போன மகள்களும் பேத்திகளும் அங்கே நிறையவே இருப்பார்கள். அவர்களும் இளைய தலைமுறைதான். மேடைப் பேச்சில் மட்டும் அவர்கள் வருவதில்லை.

பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. போனார்கள், உண்மை. அவர்களை அனுப்பியது யார்? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு சுற்றுவட்டாரத்தில் எழுந்த உறைவிடப் பள்ளிகள் தமிழ்நாடு முழுக்கப் பெயர் பெற்றவை. 2007இல் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை மாநில அரசு நீக்கியதிலிருந்து 2017இல் நீட் நுழையும் வரை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. அந்தப் பத்தாண்டில் இந்தப் பள்ளிகளில் இடம் பிடிக்கப் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். காட்டை அடகு வைத்தார்கள், நகையை விற்றார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைப் பெட்டியோடு விடுதியில் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை முறுக்கும் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். "இந்த மண்ணுல கிடந்து நாங்க பட்டது போதும், நீ வெளிய போயிரு" என்பதுதான் அந்த வீடுகளில் ஓயாமல் ஒலித்த வாக்கு. பிள்ளை அதை அப்படியே கேட்டு பெங்களூருக்கும் டல்லாஸுக்கும் போன பிறகு, சொல்பேச்சு கேட்காத தலைமுறை என்று அவனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

படிப்பில் போனவர்கள் ஒரு பகுதிதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாத பையன்கள், சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஏறி வாரக்கணக்கில் சாலையிலேயே கிடக்கும் ஓட்டுநர்கள் என்று இந்த வட்டாரத்தின் பிழைப்பே வெளியூரை நம்பியது. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் வீட்டில் அப்பாருவின் சர்க்கரை மாத்திரை வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லை என்பது மெய்யான துயரம். அதைத் திமிர் என்று எழுதி வைப்பது பொய்.

அந்தத் தனிமை எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பக்கத்து மாவட்டங்கள் காட்டிவிட்டன. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் வசித்த வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. இரண்டுக்குப் பிறகும் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனதால் வந்த வினை என்று சொன்னவர்கள் உண்டு. சேமலைக்கவுண்டம்பாளையத்தில் அன்றிரவு பெற்றோரோடு சேர்ந்து வெட்டுப்பட்டுச் செத்தது, கோவையிலிருந்து வந்து தங்கியிருந்த மகன். அவர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அங்கே தேவைப்பட்டது தெருவிளக்கும் ரோந்துப் போலீசும்.

வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெற்றோர் பாசம் கிடையாது, நம் பண்பாடு அப்படியில்லை என்ற வாதம் இப்போது வரும். கிழக்கு மூத்தோரை மதிக்கும், மேற்கு ஒதுக்கும் என்பது உலகமெங்கும் பழகிப்போன நம்பிக்கை. மைக்கேல் நார்த், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2015இல் அதைச் சோதித்தார்கள். 23 நாடுகளில் 21,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முடிவு தலைகீழாக வந்தது: முதியோரைப் பற்றிய மட்டமான எண்ணம் ஆசிய நாடுகளில்தான் கூடுதலாக இருந்தது. முதியோர் தொகை வேகமாகப் பெருகும் இடங்களில் கசப்பும் கூடுகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். பண்பாட்டுப் பெருமையைவிட, ஒரு சமூகம் எவ்வளவு அவசரமாக, எவ்வளவு ஆயத்தமில்லாமல் மூப்படைகிறது என்பது மனப்பான்மையைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாடு அப்படி அவசரமாக மூப்படையும் இடம்.

மதிப்பது என்றால் மறுபேச்சு பேசாதிருப்பது என்று எண்ணுபவர்களுக்குச் சேலத்திலேயே ஒரு பாடம் கிடைக்கும். 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியபோது பெரியாருக்கு வயது 64. மாநாட்டின் தீர்மானங்களுக்குப் பெயர் கொடுத்த அண்ணாவுக்கு 34. ஐந்தே ஆண்டில் இருவரும் பிரிந்தார்கள். அந்தப் பிளவில் பெரியவரின் திருமணமே பெரிய பொருளாக இருந்தது. பேச்சிலும் எழுத்திலும் இரு பக்கமும் சூடு பறந்தது. ஆனாலும் 1949இல் திமுகவைத் தொடங்கியபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டார்கள். 1967 தேர்தலில் வென்றதும், அந்தத் தேர்தலில் தம்மை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரைப் பார்க்க அண்ணா திருச்சிக்குப் போனார். எதிர்த்து நிற்கும் பிள்ளைகளெல்லாம் பெரியவர்களை மதிக்காதவர்கள் என்றால், தமிழ்நாட்டின் கடந்த நூற்றாண்டு அரசியலே நடந்திருக்காது. இன்று சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொள்ளும் பேத்தியை மரியாதை தெரியாதவள் என்று ஏசுகிறவர்கள் எதிர்பார்ப்பது மரியாதையை அன்று, கீழ்ப்படிதலை.

சரி, இளைஞர்கள் முதியவர்களைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? ஹெல்ப்ஏஜ் இந்தியா 2025 ஜூனில் பத்து நகரங்களில் எடுத்த ஆய்வொன்றை வெளியிட்டது. முதியோர் தனிமையில் வாடுபவர்கள் என்று இளைஞர்களில் 56 விழுக்காட்டினர் சொன்னார்கள். பிறரை அண்டி வாழ்பவர்கள் என்று 48 விழுக்காட்டினர். அறிவு முதிர்ந்தவர்கள் என்று 51 விழுக்காட்டினரும், மதிக்கப்படுபவர்கள் என்று 43 விழுக்காட்டினரும் சொன்னார்கள். இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது? இரக்கம் இருக்கிறது, கொஞ்சம் பயமும் இருக்கிறது. முதுமை என்றாலே தனிமை, அண்டிப் பிழைப்பு என்ற படம் எங்கிருந்து அவர்கள் மனதில் ஏறியது? முதியோர் இல்லத்து வாசலில் அழுதுகொண்டிருக்கும் தாயின் படத்தைப் போட்டு தினமும் காலையில் அனுப்பும் வாட்ஸ்அப் பெரியவர்களிடமிருந்தும், மூன்று மணி நேரப் படத்தில் கடைசி அரை மணி நேரம் அப்பாவைத் தெருவில் நிறுத்தும் சினிமாவிடமிருந்தும், கண்ணீர் வரவழைக்கும் அந்த மேடைப் பேச்சிடமிருந்தும்தான். முதியவர் என்றால் பாவப்பட்டவர் என்று பாடம் எடுத்துவிட்டு, பிள்ளைகள் அப்படிப் பார்க்கிறார்களே என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

இந்தப் படம் தீங்கும் செய்யக்கூடியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் பெக்கா லெவி, ஒஹையோ மாநிலத்தில் ஐம்பது வயது கடந்த 660 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார். தம் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். இருபது வயதில் மனதில் ஊன்றிய பயம் அறுபதில் அவர்களையே தின்னும் என்றால், முதுமையைச் சாபமாகக் காட்டி ஒழுக்கம் கற்பிக்கும் பேச்சு பெரியவர்களுக்கும் உதவாது, பிள்ளைகளுக்கும் உதவாது.

படம் பொய்யும்கூட. இந்த வட்டாரத்தின் எழுபது வயதுக்காரர்கள் திண்ணையில் சாய்ந்து கிடப்பவர்கள் அல்லர். இளம்பிள்ளைத் தறிவீட்டில் தார் சுற்றிக் கொடுப்பது பாட்டி. ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கின் தோலை உரிப்பவர்களில் நரைத்த தலைகள் ஏராளம். வெள்ளாடு மேய்ப்பதும், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போவதும், மருமகள் நூல் மில்லுக்குப் போனபின் குழந்தையை வளர்ப்பதும் அவர்கள்தான். சென்னையின் ஏழை மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த பென்னி வேரா சான்சோ என்ற மானுடவியலாளர் இதையே எழுதிவந்திருக்கிறார்: முதியோரின் கூலியில்லா உழைப்பும் குறைகூலி உழைப்பும்தான் இளையவர்களை வேலைக்கு அனுப்பி வைக்கின்றன. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்ற கணக்கை ஒருமுறை ஒழுங்காகப் போட்டால் "சுமை" என்ற சொல்லுக்கே இடமிருக்காது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. பாசமாகப் பேசி செட்டில்மெண்ட் எழுதி வாங்கிக்கொண்டு, பதிவு முடிந்ததும் பெற்றவர்களை வெளியே தள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு காத்திருக்கும் பெரியவர்கள் கற்பனை அல்ல. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அவர்களுக்காகவே வந்தது. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியரே தீர்ப்பாயம். கவனிப்பதாகச் சொல்லி வாங்கிய சொத்தை 23ஆம் பிரிவின்படி திரும்பப் பெறலாம். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று தெளிவாக்கியது.

ஆனால் இந்த வழக்குகள் யாருடைய மனசைக் காட்டுகின்றன? சொத்து எழுதி வாங்கும் வயதில் இருப்பவர்கள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் மகன்கள். 1989இலேயே தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்குரிமை கொடுத்தது. இருந்தும், சீர் செய்தாயிற்று என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, மொத்தத்தையும் மகன் பேருக்கு மாற்றும் பழக்கம் ஓயவில்லை. கடைசியில் கைவிடப்படுவதும் அந்த ஏற்பாட்டினாலேயே. மனம் மாறச்சொல்லிக் கெஞ்சுவதைவிட, உயிரோடு இருக்கும்வரை சொத்தைத் தம் பேரிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வதும், 23ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதைப் பத்திர எழுத்தரின் மேசையிலேயே எடுத்துச் சொல்வதும் பெரியவர்களைக் கூடுதலாகக் காப்பாற்றும்.

நீதிபோதனை யாருக்கு வசதி என்று பார்த்தால் மீதியும் விளங்கும். நாமக்கல்லில் முட்டை விலை பைசாக் கணக்கில் அடிக்கடி ஏறி இறங்குகிறது. மாநிலமே அந்த அறிவிப்பைப் பார்க்கிறது. ஆனால் முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசு தரும் பங்கு, 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு, 2007இல் இருந்த அதே 200 ரூபாயில் உறைந்து கிடக்கிறது; எண்பது தாண்டினால் 500. மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து 2011இல் ஆயிரமாகவும் 2023இல் 1,200 ஆகவும் ஆக்கியது. அதையும் பெற, தான் ஆதரவற்றவர் என்று அந்தப் பெரியவர் நிரூபிக்க வேண்டும். பிள்ளைகள் தாங்குவார்கள் என்று அரசு நம்புகிறது. தாங்காவிட்டால் பிள்ளைகளைத் திட்டச் சொல்லி மேடை போட்டுக் கொடுக்கிறது. இளைஞர்களின் மனப்பான்மைதான் பிரச்சினை என்று ஆகிவிட்டால் இந்த 200 ரூபாயைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

பயன் தந்த ஏற்பாடுகள் எவை என்பதும் கண்முன்னே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பேரனுக்கு லீவு கிடைக்குமா என்று பார்த்திருக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் எழுபது கடந்தவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் முதியோருக்கான பகல்நேர மையங்களாக 25 அன்புச்சோலைகள் திறக்கப்பட்டன. மாநிலம் முழுவதற்கும் 25 என்பது மிகக் குறைவு. பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி போன்ற விசைத்தறி ஊர்களில், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஷிப்ட் முறையில் தறிக்குப் போகும் தெருக்களில்தான் இத்தகைய மையத்துக்குத் தேவை அதிகம். காலையில் அப்பாருவைக் கொண்டுவந்து விட்டு, மாலையில் தறி முடிந்து வரும்போது அழைத்துப்போக ஓர் இடம் இருந்தால், அதைச் செய்யப் பேரன்கள் தயாராகவே இருக்கிறார்கள். அடுத்த ஆண்டுவிழாவில் மைக் பிடிப்பவர் நகராட்சித் தலைவரையும் சட்டமன்ற உறுப்பினரையும் மேடையில் வைத்துக்கொண்டு, அந்த மையம் நம் ஊருக்கு எப்போது வரும் என்று கேட்டுப் பார்க்கலாம்.